முப்பத்தாறாவது தண்டால்

இப்போது உங்கள் கையில் இருக்கும் கருவி, எதிரே ஒருவன் எத்தனை தண்டால் எடுக்கிறான் என்று தானே எண்ணிவிடுகிறதாம். போன மாதம் ஒரு முகாமில் பார்த்தேன். ஆள் கீழே போய் மேலே வந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம். முழங்கை சரியாக மடங்கவில்லை என்றால் சத்தமே வராது. நல்லதுதான். எங்கள் காலத்தில் எண்ணுகிறவனுக்கும் எடுக்கிறவனுக்கும் தினம் ஒரு சண்டை. "சார், நாப்பத்தொண்ணு சார்!" "போடா, முப்பத்தொம்பது!" அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை. ஆனால் அந்த 'டிங்' சத்தத்தால் நம் வேலை சுலபமாகிவிட்டது என்று உங்களில் யாராவது நினைத்தால், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, கொஞ்சம் உட்காருங்கள். ஒரு தப்பைச் சொல்கிறேன். நான் செய்த தப்பு.

உடற்தகுதி சோதகராக நான் போகாத ஊர் இல்லை. அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தேன். விசிலைக் கழற்றி வைத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். கைக்கும் தோளுக்கும் எவ்வளவு பலம், அந்தப் பலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்று உண்டு. இது ஒண்டிக்கட்டை வேலை. சோதனைக்கு முன்னால் அத்தனை பேரும் உங்களைப் பார்த்து எழுந்து நிற்பார்கள். முடிந்த பிறகு, தோற்றவன் தெருவில் உங்களைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான். ஜெயித்தவனோ ஊருக்கே கிளம்பிப் போய்விடுவான். சோதனைக்கு வருகிறவன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் கட்டாயம். ஒரு வாரம் ஓர் ஊரில் இருந்தால், அந்த ஒரு வாரமும் என் வாயிலிருந்து வருவது ஒன்று, இரண்டு, மூன்று மட்டும்தான்.

நான் சொல்லப்போகிற சமயத்தில் வீட்டிலும் அதே கதை. என் மனைவி இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. லாட்ஜ் அறைக்கும் என் வீட்டுக்கும் இருந்த ஒரே வித்தியாசம், லாட்ஜில் யாராவது வந்து பெருக்குவார்கள். இதை அனுதாபம் தேடிச் சொல்லவில்லை. என் தப்பில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன்.

சுனாமி அலை வந்த மறு வருஷம், 2005 மே மாதம். மரக்காணம். கோட்டக்குப்பத்து ஏஜெண்ட் ஒருவர் வளைகுடாவுக்குச் சாரம் கட்டும் வேலைக்கு ஆள் எடுத்தார். எல்லோரும் அவரை 'பாய்' என்பார்கள், நானும் அப்படியே. தப்பான ஆள் இல்லை. உயரத்தில் நின்றுகொண்டு இரும்புக் குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிற வேலை. கை சோர்ந்தால் ஆள் கீழே. அதனால் இரண்டு நிமிஷத்தில் நாற்பது தண்டால், அப்புறம் கம்பியில் தொங்க வேண்டும், அப்புறம் குழாயைத் தலைக்கு மேல் பிடித்து நிற்க வேண்டும். ஒருவருக்கு ஒரே தடவைதான்.

ஒரு பழைய உப்புக் கிடங்கின் வாசலில் சோதனை. வந்தவர்களில் பாதிப் பேர் பெரிய முதலியார்சாவடி, இடையஞ்சாவடிப் பக்கத்து விவசாய வீட்டுப் பையன்கள். மீதிப் பேர் மரக்காணம் உப்பளத்துக்காரர்கள். எத்தனை மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பாய் கேட்டபோது நான் பெரிய மனசு பண்ணி, "உப்பளத்து ஆளுங்க வேலையை முடிச்சுட்டு வரட்டும் பாய், பத்து மணிக்கு வெச்சுக்கலாம்" என்றேன். அவர்களுக்கு ஒரு நாள் வேலை கெடக் கூடாதே என்ற நல்ல எண்ணம். என் நல்ல எண்ணங்களைப் பற்றி எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

பத்து மணிக்கு ஆரம்பித்தோம். இடையஞ்சாவடிப் பையன்கள் சடசடவென்று எடுத்துத் தள்ளினார்கள். உப்பளத்து ஆட்கள் முப்பதிலேயே தரையோடு ஒட்டிக்கொண்டார்கள். எனக்கு ஒரே ஆச்சரியம். கரணை கரணையாகத் தோள், இரும்பு மாதிரி முன்கை. என்ன கேடு வந்தது இவர்களுக்கு? "சாப்பிட்டு வந்தியா இல்லையாடா?" என்று ஒருவனை அதட்டக்கூடச் செய்தேன். அவன் சிரித்தான்.

அதில் ஒருவன் ஏழுமலை. முப்பது வயசு இருக்கும். நல்ல கறுப்பு, நல்ல உயரம், கண் மட்டும் எதையும் பார்க்காது. முப்பத்தாறு எடுத்தான். முப்பத்தாறாவதில் மேலே வந்து, கையை ஊன்றியபடியே கொஞ்ச நேரம் நின்று, முழங்காலைத் தரையில் வைத்துவிட்டான். இன்னும் இருபது விநாடி பாக்கி.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். கை ஓய்ந்து விழுகிறவனுக்கு முதலில் இடுப்பு தொங்கும். அப்புறம் முழங்கை வெடவெடக்கும். மூச்சு அறுந்து அறுந்து வரும். ஏழுமலைக்கு இது எதுவும் இல்லை. ஊன்றிய கை ஊன்றியபடி நின்றது. என் கண் அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். கம்பியிலும் குழாயிலும் அவன் தேறிவிட்டான். தண்டாலில் மட்டும் நான்கு குறைவு.

மறுநாள் காலை டீக்கடையில் நின்றேன். கடைக்காரர்தான் பேச்சுக் கொடுத்தார். "இன்னா சார், எங்க ஊரு ஆளுங்கள எல்லாம் ஃபெயில் ஆக்கிட்டீங்களாமே?"

"நான் எங்கே ஆக்கினேன்? அவங்கதான் எடுக்கலை."

"எப்படி சார் எடுப்பான்? வெயிலுக்கு முன்னாடி முடிக்கணும்னு விடியக்காலம் மூணு மணிக்கே பாத்தில எறங்கறான். ஏழு மணி நேரம் நின்ன எடத்துல நின்னு உப்ப வாரிட்டு நேரா உங்ககிட்ட வர்றான். அவன் கைல இன்னா சார் மிச்சம் இருக்கும்?"

கிளாஸைக் கீழே வைத்தேன். உப்பு வாருவது என்றால் நீளக் கம்பில் மாட்டிய பலகையால் தண்ணீருக்குள்ளிருந்து உப்பை இழுத்து இழுத்துக் குவிப்பது. முழுக்க முழுக்கத் தோளும் கையும். நான் அளந்தது அவர்களுடைய பலத்தை இல்லை, ஏழு மணி நேர வேலை போக மிச்சம் இருந்ததை. இத்தனை வருஷம் தொழில் பார்த்தவனுக்கு, இன்றைக்குக் காலையில் என்ன வேலை செய்துவிட்டு வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். வெட்கமாக இருந்தது. வாய்விட்டே, "சே, நானெல்லாம் ஒரு சோதகன்" என்றேன். கடைக்காரர், "பரவாயில்ல சார், இன்னொரு டீ போடவா?" என்றார்.

நேரே பாயிடம் போய், உப்பளத்து ஆட்களுக்கு இன்னொரு நாள் காலையில் புதிதாகச் சோதனை வைக்க வேண்டும் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், லிஸ்ட்டு இன்னைக்கு சாயங்காலம் மெட்ராஸ் போயாவணும். வெள்ளிக்கிழமை காலைல வேன் வர்றது. ஒரு நாள் தள்ளினா இந்த சான்ஸே போயிடும், எல்லாருக்கும். உங்க கையில இருக்கிறத செய்யுங்க."

என் கையில் ஒன்று இருந்தது. படிவத்தில் கடைசிக் கட்டம், 'சோதகர் பரிந்துரை'. எண்ணிக்கை ஐந்துக்குள் குறைந்தால் நான் கையெழுத்துப் போட்டுத் தேர்ச்சி கொடுக்கலாம். உப்பளத்து ஆட்களில் மூன்று பேர் அந்த வரம்புக்குள் இருந்தார்கள். மூவருக்கும் போட்டேன். ஏழுமலைக்குப் போடும்போது அவனுடைய நடுங்காத முழங்கை ஞாபகம் வந்தது. 'ஏழு மணி நேரம் வேலை செய்தவன், நடுக்கம்கூட வராத அளவுக்கு ஓய்ந்திருப்பான்' என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு ஓய்வு உலகத்தில் கிடையாது. எனக்கு அது தெரியும். ஆனாலும் என் தப்பைச் சரிசெய்கிற அவசரம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நாளைக்கு டீக்கடையில் யாராவது என்னைப் பார்த்து, "வாங்க சார்" என்று சொல்வார்கள் என்று ஒரு ஆசை இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் லாட்ஜ் கதவைத் தட்டினார்கள். ஏழுமலை. நான்கு நாளில் அந்தக் கதவைத் தட்டிய முதல் ஆள் அவன்தான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து நான் எழுந்த வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

"லிஸ்ட்ல என் பேரு இருக்குதாம் சார்" என்றான்.

"இருக்குது. சந்தோஷமா போயிட்டு வா."

"நான் முப்பத்தாறுதானே சார் எடுத்தேன்?"

"தெரியும்பா. மூணு மணியிலேருந்து வேலை பார்த்துட்டு வந்தே. அது எனக்குத் தெரியாம போச்சு. அதான் பரிந்துரை பண்ணேன்."

அவன் வாசற்படியிலேயே நின்றான். "நானாத்தான் சார் நிறுத்தினேன்."

"என்னது?"

"நானாவேதான் நிறுத்திட்டேன். இன்னும் எடுத்திருப்பேன். நீங்க நம்பலேன்னா பாருங்க."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் சட்டையைக் கழற்றித் தூணோரம் போட்டுவிட்டு லாட்ஜ் வராந்தாவில் குப்புறக் கையூன்றிவிட்டான். எடுக்க ஆரம்பித்தான். எனக்குப் பாழாய்ப்போன பழக்கம், வாய் தானாக எண்ணியது. இருபது. முப்பது. முப்பத்தாறைத் தாண்டும்போது தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தான். நாற்பது. ஐம்பது. ஐம்பத்தெட்டில்தான் முழங்கை ஆட ஆரம்பித்தது. அறுபத்திரண்டில் மார்பு தரையில் பட்டது. அப்படியே கிடந்தபடி, மூச்சு வாங்க, "இப்ப நம்பறீங்களா சார்? என் பேர அடிச்சிடுங்க சார்" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். "ஏம்பா, அறுபத்திரெண்டு எடுத்துக் காட்டிட்டு ஃபெயில்னு எழுதுன்னா, நான் எப்படிடா எழுதுவேன்?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். நான் இரண்டு டீ சொன்னேன். தொழில் கட்டாயத்தை மீறி, சோதனைக்கு வந்தவனோடு நான் குடித்த முதல் டீ.

அப்புறம் மெல்ல மெல்ல சொன்னான். அவனும் அவன் மனைவி அஞ்சலையும் ஒரே பாத்தியில் ஜோடியாக வேலை செய்கிறவர்கள். இவன் உப்பை வாரிக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றிவிடுவான், அவள் சுமந்துபோய்க் கொட்டுவாள். ஒரே பெண் குழந்தை, ஆறு வயசு. அரைப் பரீட்சை லீவில் கடலோரத்தில் இருந்த சித்தி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம் பிடித்தது. அஞ்சலை வேண்டாம் என்றாள். இவன்தான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். மூன்றாம் நாள் அலை.

"அதுலேருந்து நாங்க ரெண்டு பேரும் பேசறதில்ல சார். சண்டை எல்லாம் இல்ல. பேச்சு வரல. வேலைக்குப் போறோம், வர்றோம். கூடைய தூக்கி வெப்பேன், அவ போவா. அந்த நேரத்துல மட்டுந்தான் பக்கத்துல பக்கத்துல நிக்கறோம்."

"அப்ப வெளிநாட்டுக்குப் பேரு குடுத்தது?"

"அவதான் போயி பாய்கிட்ட குடுத்துட்டு வந்தா. என் மூஞ்சியப் பாக்க முடியல போல. தப்பு சொல்ல முடியாது சார், நான்தானே கொண்டுபோயி விட்டேன்."

"உனக்குப் போக இஷ்டமில்லேன்னா வீட்ல சொல்லிடேன்."

"அவளுக்கு நான் போவணும் சார். போகலேன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது? டெஸ்ட்ல ஃபெயில்னு ஆயிட்டா யாரும் யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாமில்ல. அதான்."

பாவமாக இருந்தது. உண்மையிலேயே பாவமாக இருந்தது. ஆனாலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏழுமலை, சோதனை முடிவைச் சோதகன் இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுப்பா. அது தப்பு." முந்தின நாள்தான் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தேன்! பரிந்துரை போட்டவனே ஒரே நாளில் அதை எடுத்தால் பாய் என்ன நினைப்பார், என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. மேலே தூக்கிவிட வளைந்த விதி, கீழே இறக்கிவிட வளையவில்லை. அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

"சரிங்க சார்" என்றான். டீ கிளாஸை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டான். அவன் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. அவன் கேட்டு வந்த காரியம் முடியவில்லை என்பதைவிட, பேச வந்த ஆள் கிளம்புகிறானே என்பது எனக்குப் பெரிதாக இருந்தது. தனிமை மனுஷனை இரக்கமுள்ளவனாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னை அது என் பாட்டையே பார்க்கிறவனாகத்தான் ஆக்கிவைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு வேன் வந்தது. பெயர்களைச் சரிபார்த்து ஏற்றிவிட வேண்டியது என் பொறுப்பு. குடும்பம் குடும்பமாகக் கூட்டம். அழுகை, சிரிப்பு, பொட்டலம், பை. ஏழுமலை முதல் ஆளாக ஏறிக் கடைசி சீட்டில், அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். உப்பளத்திலிருந்து நேரே வந்திருந்த ஒரு பெண் கூட்டத்தை விட்டு விலகி நின்றாள். கணுக்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. கொஞ்ச நேரம் வேனைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"சார், நீங்கதான் டெஸ்ட் வெச்ச சாரா? நான் ஏழுமலை வூட்டுக்காரி."

"சொல்லும்மா."

"அவரு ஒடம்பு நல்லா இருக்குதா சார்? அங்க ஒசரத்துல வேலைங்கறாங்க."

"நல்லா இருக்காரும்மா. பயப்படாதீங்க."

அவள் போகவில்லை. முந்தானையைப் பிடித்துப் பிடித்துத் திருகினாள். "நான்தான் சார் பேரு குடுத்தேன். கொழந்த போனதுலேருந்து அவரு என் மொகத்தப் பாக்கறதே இல்ல. அன்னைக்கு ஒரு பிடியா வேணாம்னு சொல்லாம வுட்டுட்டேனேன்னு என் மேல வெறுப்பா இருக்குதோ இன்னாவோ. கண்ணுக்கு மறைவா போனாலாவது நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான் குடுத்தேன். போகலேன்னு ஒரு வார்த்த சொல்லுவாரு, சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சொல்லல. டெஸ்ட்லயும் பாஸ் ஆகிட்டாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்ப போறதுக்கு இஷ்டம்தானே சார் அவருக்கு?"

பிள்ளைகளே, நம் தொழிலில் முடிவெடுக்க உங்களுக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு மூச்சு அளவுதான். எனக்கு அன்றைக்கு அதைவிட நிறையவே கிடைத்தது. வேன் நின்றுகொண்டிருந்தது. இன்ஜினைக்கூட இன்னும் போடவில்லை. அவன் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தான். 'இல்லைம்மா' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. குடும்ப விஷயத்தில் சோதகன் தலையிடலாமா, இவ்வளவு பேர் முன்னால் அவனை இறக்கினால் பாய் முகத்தில் எப்படி விழிப்பது, கடைசி நேரத்தில் ஒரு ஆள் குறைந்தால் என் பெயர் என்னாவது என்று வரிசையாகத் தோன்றியது.

"நல்ல ஃபிட்டா இருக்காரும்மா" என்றேன். அவள் கேட்டது அது இல்லை.

"அப்ப சரிங்க சார்" என்றாள்.

வேன் கிளம்பியது. கடைசி ஜன்னலில் ஏழுமலை குனிந்தபடி இருந்தான், நிமிரவில்லை. அவள் கையைத் தூக்கவும் இல்லை. வேன் உப்பளத்தை ஒட்டிய ரோட்டில் திரும்பி மறைந்தது.

அன்று மதியமே பூத்திலிருந்து பாய்க்குப் போன் போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். விஷயத்தைச் சொன்னேன். "ஏன் சார், நேத்தே சொல்லக் கூடாதா? நான் சொல்லிப் பாக்கிறேன்" என்றார். சொன்னாரா, சொல்லி அவன் என்ன சொன்னான், எதுவும் எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் எல்லோரும் விமானம் ஏறிவிட்டதாகத் தகவல் வந்தது, அவனும் சேர்த்து. அந்த ஊருக்கு மறுபடி என்னைக் கூப்பிட்டபோது நான் வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டேன்.

ஆனால் இத்தனை நேரம் உங்களை உட்காரவைத்தது அதைச் சொல்வதற்கு இல்லை. போன் போடுவதற்கு முன்னால், வேன் மறைந்த கையோடு நான் செய்த ஒன்றைச் சொல்வதற்குத்தான். கூட்டம் கலைந்துவிட்டது. அஞ்சலை தனியாக வரப்புப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு தாங்கவில்லை. பின்னாலேயே ஓடினேன். ஓடிப்போய், மூச்சிரைக்க, எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் வேண்டுமென்றே முப்பத்தாறில் நிறுத்தியது, வராந்தாவில் எடுத்த அறுபத்திரண்டு, தன் பேரை அடித்துவிடச் சொல்லிக் கெஞ்சியது, அவளுக்குத்தான் தன் முகம் பிடிக்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது, எல்லாம்.

அவள் முழுசாகக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இது உங்களுக்கு எப்ப சார் தெரியும்?"

"புதன்கிழமைம்மா."

"வேன் இங்க நின்னப்பவும் தெரியும்."

"தெரியும்மா."

என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"அப்ப இத இப்ப யாருக்காக சார் சொல்றீங்க?"